நாளைக்கு டிஸ்சார்ஜ் என்கிறார்கள், வீட்டில் யார் பார்த்துக்கொள்வது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா பக்கவாதம் வந்து 19 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை 4.30 மணிக்கு, "நாளைக்கு ஞாயிறு, டாக்டர் வரமாட்டார், இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். மூக்கில் உணவுக் குழாய், சிறுநீருக்கு இன்னொரு குழாய், வலது கையிலும் காலிலும் அசைவே இல்லை. நெல்லிக்குப்பத்தில் எங்கள் வீட்டு நிலைவாசலில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. பெட்ஷீட்டின் நாலு முனையையும் பிடித்துத் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் குளிப்பாட்டும்போது இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. அந்தப் புண் ஆற நாலு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்திலும் உறவிலும் யாரை டிஸ்சார்ஜ் செய்தாலும் எனக்குப் போன் வந்துவிடுகிறது. கடலூர், பண்ருட்டி, பாகூர், வில்லியனூர் என்று எங்கிருந்து கூப்பிட்டாலும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார். வீட்டில் ஒன்றும் தயாராக இல்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கிறோம் என்று கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். அது உதவி கேட்பது இல்லை, சிகிச்சையில் ஒரு பகுதி. ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. "பயமாக இருக்கிறது சார்" என்றால், "பயப்படாதீங்க, போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்கள். காரணத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "டியூபில் கஞ்சி கொடுக்க இன்னும் யாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை." "ஆக்சிஜன் மெஷின் திங்கட்கிழமைதான் கைக்கு வரும்." "வீட்டில் நான் ஒருத்திதான், அம்மாவைத் தனியாகத் தூக்க முடியாது." இப்படிச் சொன்னால் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியிருக்கும். எழுதிவிட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

டியூட்டி டாக்டர் முடியாது என்றால் அரசு மருத்துவமனையில் நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள். ஆர்.எம்.ஓ. என்று கேட்டால் அறையைக் காட்டுவார்கள். பெரிய மருத்துவமனையாக இருந்தால் மருத்துவ சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். வீட்டு நிலைமையைக் கேட்டு ஏற்பாடு செய்வதுதான் அவர் வேலை. அப்படி ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி பக்கமும் நியாயம் இருக்கிறது. வராந்தாவில் பாய் போட்டுக் காத்திருப்பவருக்கும் படுக்கை வேண்டும். தேவைக்கு மேல் வார்டில் இருந்தால் புதுத் தொற்று வர வாய்ப்பும் உண்டு. அதனால் சீக்கிரம் அனுப்புவதை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அனுப்புகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

வீட்டில் நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு வேலையையும், வார்டிலேயே, சிஸ்டர் பக்கத்தில் நிற்கும்போது, உங்கள் கையால் ஒருமுறையாவது செய்துவிடுங்கள். அவர் செய்வதைப் பார்த்தால் போதாது. நான் 19 நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதல்நாள் ராத்திரி வீட்டில் சிரிஞ்சைக் கையில் எடுத்தபோது விரல் நடுங்கியது.

மூக்குக் குழாய் இருந்தால் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்திச் சாய்வாக வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் அரைமணி முதல் ஒருமணி நேரம் அப்படியே இருக்கட்டும். உடனே படுக்க வைத்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். குழாயில் மூக்கருகே இருக்கும் குறி எந்த எண் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறி வெளியே வந்திருந்தால் குழாய் நகர்ந்துவிட்டது என்று பொருள். நீங்களாக உள்ளே தள்ளாதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் கடைசியில் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் கொஞ்சம் விட்டால் அடைக்காது. மாத்திரையைப் பொடித்துக் கரைக்கச் சொல்வார்கள். ஆனால் மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளையும் குடலில் கரைவதற்காக மேற்பூச்சு போட்டவற்றையும் பொடிக்கவே கூடாது. எது எது என்று டாக்டரிடம் கேட்டுச் சீட்டிலேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. ஆம்புலன்சில் ஏற்றும்போது எங்கள் ஆள் ஒருவர் பையை எடுத்து அம்மாவின் வயிற்றுமேல் வைத்தார். நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். பையில் உள்ளது திரும்ப உள்ளே போனால் தொற்று வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது. குழாயை அடுத்து என்றைக்கு மாற்ற வேண்டும், எங்கே வர வேண்டும் என்று தேதி போட்டு எழுதி வாங்குங்கள். ரப்பர் குழாய்க்கு ஒரு கணக்கு, சிலிக்கான் குழாய்க்கு வேறு கணக்கு.

பக்கவாத நோயாளிக்கு வாய்வழியாகச் சாப்பிட அனுமதி உண்டா என்று தெளிவாகக் கேளுங்கள். விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்காமல் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. பார்க்க வரும் உறவினர்கள் பாசத்தில் இளநீரை வாயில் ஊற்றிவிடுவார்கள், கவனம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் எதைப் பார்க்க வேண்டும்?

நோய், சிகிச்சை, மருந்து விவரங்களை எழுதி, அனுப்பும்போது தரும் தாள் அது. மருந்துக்கு நேரே 1-0-1 என்றிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எத்தனை நாளைக்கு என்று இருக்கிறதா பாருங்கள். முன்பே வீட்டில் சாப்பிட்டுவந்த சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைத் தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்பது பெரும்பாலும் விட்டுப்போகும். பழைய மாத்திரை டப்பாவை எடுத்துப்போய்க் காட்டிக் கேளுங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்து, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடும் வீடுகள் உண்டு.

ஸ்கேன், லேப் ரிப்போர்ட் நகல்களையும் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதியிலேயே இருக்கிறது.

ஜிப்மரில் டிஸ்சார்ஜ் ஆனோம். வீடு கடலூர் மாவட்டத்தில். இங்கே யார் வந்து பார்ப்பார்கள்?

நம் பகுதிக்கே உரிய சிக்கல் இது. புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மத்திய அரசின் மருத்துவ நிறுவனம். அதைச் சுற்றியிருப்பது புதுச்சேரி அரசு. கன்னியக்கோவிலைத் தாண்டினால் தமிழ்நாடு. நோயாளி பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறார், அவருடைய தகவல் வருவதில்லை. ஆஸ்பத்திரி ஒரு அரசு, வீடு இன்னொரு அரசு. வார்டில் இருப்பவருக்கு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் எது என்று தெரியாது. ஊர் நர்ஸுக்கு நீங்கள் வீடு திரும்பியதே தெரியாது.

அதனால் தகவலை நீங்கள்தான் கையில் சுமந்துபோய்ச் சேர்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். தேதி தெரிந்ததுமே வீட்டிலிருந்து ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மருத்துவ அலுவலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லட்டும். "இன்ன தெரு, இன்ன நோய், இந்தக் குழாய் இருக்கிறது, வியாழக்கிழமை வருகிறோம்" என்று ஒரு தாளில் எழுதி, கீழே போன் நம்பர் போட்டுக் கொடுங்கள். சம்மரி கிடைத்ததும் அதன் நகலைச் சேர்த்துவிடுங்கள். வீடு புதுச்சேரி எல்லைக்குள் இருந்தால் அங்குள்ள சுகாதார நிலையத்தில் இதையே செய்யுங்கள்.

மூன்று நிர்வாகமும் ஒரு தாளைத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ள ஏற்பாடு செய்யக் கூடாதா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். கஷ்டமான வேலையே இல்லை. அது வரும்வரை நாம்தான் அந்தத் தபால்காரர்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என்ன கிடைக்கும்?

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் இது. சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி மற்றும் ஆதரவு சிகிச்சை செவிலியர் வருவார், பிசியோதெரபிஸ்ட் வருவார். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகளும் தருகிறார்கள். நீங்கள் எங்கே சிகிச்சை பெற்றிருந்தாலும், வசிக்கும் ஊரை வைத்துத்தான் வருவார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த செவிலியர்தான் அம்மாவின் புண்ணை ஆற்றிக் கொடுத்தார் என்று சொல்வேன். கட்டு கட்டும்போதே என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார். ஆனால் அவருக்குச் சுற்றுவட்டாரம் முழுக்க நோயாளிகள். தினமும் வருவார், ராத்திரி கூப்பிட்டால் வருவார் என்று எதிர்பார்த்து மற்ற ஏற்பாடுகளை விட்டுவிடாதீர்கள்.

படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரே இடத்தில் எடை அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று தசை சாகிறது. புண் வெளியே சின்னதாகத் தெரியும்போது உள்ளே பெரிதாக இருக்கும். இடுப்புக்குக் கீழே, இரண்டு குதிகால், இடுப்பு எலும்பின் பக்கவாட்டு, தோள்பட்டை, தலையின் பின்பக்கம், இவைதான் இடங்கள். தினமும் காலையில் வெளிச்சத்தில் இவற்றைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, நேர், வலது என்று மாற்றுங்கள். முழுக்கப் பக்கவாட்டில் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துப் பாதிச் சாய்வாக வைத்தால் இடுப்பெலும்பில் எடை விழாது. கெண்டைக்கால் அடியில் ஒரு தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். நகர்த்தும்போது இழுக்காமல் தூக்க வேண்டும். இழுத்தால் தோல் உரிந்துவிடும். எங்கள் வீட்டில் காலண்டர் அட்டையின் பின்பக்கம் கட்டம் போட்டு, திருப்பியவர் நேரத்தையும் பெயரின் முதல் எழுத்தையும் எழுதுவோம். யார் எழுந்தார்கள், யார் தூங்கிவிட்டார்கள் என்ற சண்டை அதோடு நின்றது.

ஏர் பெட் வாங்குவது நல்லது. ஆனால் அதைப் போட்டுவிட்டோமே என்று திருப்பாமல் விடக் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வேண்டாம், அது சுற்றிலும் இன்னும் அழுத்தும். சிவந்த இடத்தில் ஸ்பிரிட் தேய்ப்பது, அழுத்தித் தடவுவது, பவுடரை அப்புவது மூன்றையும் விட்டுவிடுங்கள். ஈரத்தோடு கிடக்க விடாதீர்கள். முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் போதுமான அளவு உள்ளே போகவில்லை என்றால் எந்த மருந்து போட்டாலும் புண் ஆறாது.

வீட்டுக்குக் கொண்டுவிட 108 வருமா?

108 அவசரத்துக்கு. டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்ப வராது. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் மட்டும் வீடுவரை இலவச வாகனம் உண்டு, தமிழ்நாட்டில் 102. மற்றவர்கள் தனியார் வண்டிதான் பார்க்க வேண்டும். வண்டியில் ஏற்றி இறக்க எத்தனை பேர் வருவார்கள் என்று முன்பே பேசிவிடுங்கள்.

காப்பீட்டில் வீட்டுச் செலவு வருமா?

தமிழ்நாடு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உண்டு. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு விதிப்படி டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைகளும் தொகுப்பில் அடக்கம். இதைக் கேட்காமலே வெளியே மருந்துக்குப் பணம் கொடுத்தவர்கள் நிறைய. வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம், டயப்பர், கட்டில் வாடகை இவற்றுக்குப் பணம் வராது. குடும்பத்தைக் கரைப்பது கடைசியில் இந்தச் செலவுகள்தான்.

"எங்கள் விருப்பத்தில் போகிறோம் என்று எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

நீங்களாக அழைத்துப் போனால் போடுங்கள். அவர்களாக அனுப்பும்போது போடாதீர்கள். மருத்துவ ஆலோசனையை மீறிப் போனதாக அந்தத் தாள் பேசும். பின்னால் காப்பீட்டிலும் புகாரிலும் அது உங்களுக்கு எதிராக நிற்கும். போட்டே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால், "படுக்கை இல்லை என்று அனுப்பப்படுகிறோம்" என்று உங்கள் கையாலேயே மேலே எழுதிவிட்டுப் போடுங்கள். பில் பாக்கிக்காக நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமை சாசனம் சொல்கிறது. அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய். "இனி செய்ய ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றுவிட்டார்கள்.

ஒன்றும் இல்லை என்பதை ஏற்காதீர்கள். நோயைக் குணமாக்க வழி இல்லாமல் இருக்கலாம். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மலச்சிக்கல் ஒவ்வொன்றுக்கும் மருந்து இருக்கிறது. வலி நிவாரணப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கேளுங்கள். ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையமே இருக்கிறது. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரை எல்லா மெடிக்கல் கடையிலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி இந்த அனுமதியை எளிதாக்கினார்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததற்குப் போய்விடுங்கள். "பழக்கமாகிவிடும்" என்று பயந்து, வலியில் துடிப்பவருக்கு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மனநலப் பிரிவிலிருந்து வருபவர்களுக்கும் இதேதானா?

அவர்களுக்குச் சட்டமே துணைக்கு இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 98. அனுப்புமுன் அடுத்த சிகிச்சை எப்படி என்று நோயாளியிடமும், அவர் யாரோடு இருக்கப்போகிறாரோ அந்தக் குடும்பத்தாரிடமும் கலந்து பேசித் திட்டம் செய்ய வேண்டும் என்கிறது. எல்லா நோயாளிக்கும் இப்படி ஒரு பிரிவு வேண்டும் என்பது என் ஆசை.

பார்த்துக்கொள்ள யாருமே இல்லை. பிள்ளைகளும் கைவிட்டுவிட்டார்கள்.

வார்டில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள், வீட்டுக்குப் போனபின் யாரும் கேட்கமாட்டார்கள். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. மனு முடிய நாள் ஆகும் என்பதால், இடைக்காலத்துக்கு இல்லம் ஏதாவது பார்த்துத்தர மாவட்ட சமூக நல அலுவலகத்தைக் கேளுங்கள்.

ஹோம் நர்ஸ் வைக்கலாமா?

வைக்கலாம். நர்ஸ் என்று சொல்லி அனுப்பும் ஆள் படித்த செவிலியரா, உதவியாளரா என்று கேளுங்கள். செவிலியர் என்றால் நர்சிங் கவுன்சில் பதிவு இருக்க வேண்டும். குளிப்பாட்ட, திருப்ப உதவியாளர் போதும். ஊசி, குழாய் வேலைக்கு அவரை விடாதீர்கள்.

புயல், மழைக் காலத்தில் கரண்ட் போனால்?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் ஏர் பெட் காற்றிறங்கிக் கிடந்தது. அன்றைக்கு மடித்த கம்பளிகளும் தலையணைகளும்தான் கைகொடுத்தன. ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்கள் மாற்றாக ஒரு சிலிண்டர் வைத்திருக்காமல் ஐப்பசி, கார்த்திகையைக் கடக்க வேண்டாம். எச்சரிக்கை வந்ததுமே ஒரு வாரத்து மருந்தை வாங்கிவிடுங்கள். இன்சுலினை, தண்ணீர் புகாமல் மூடி, ஈர மணலுக்கு நடுவே மண்பானையில் வைத்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலும் தாங்கும்.

அலட்சியமாக அனுப்பியதால் ஆள் மோசமாகிவிட்டார். எங்கே புகார் கொடுப்பது?

முதலில் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து நகலில் ஒப்புகை வாங்குங்கள். தமிழ்நாடு அரசு மருத்துவமனை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100, ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனம் என்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளம். பணம் கட்டிய தனியார் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம். கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கு உடம்பு இருந்த நிலையைத் தேதியோடு போட்டோ எடுத்து வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

எல்லாவற்றையும் நான் ஒருத்தியே செய்கிறேன். முடியவில்லை.

எனக்கு வரும் போன்களில் பாதிக்குமேல் இதுதான், பேசுவது பெரும்பாலும் மகளோ மருமகளோ. "வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள்" என்று டாக்டர் கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது ஒரு பெண்ணைத்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வார்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுக்கும்போது உங்களோடு இன்னொருவரையும் நிற்க வையுங்கள், ஆணாக இருந்தால் நல்லது. என் தம்பி ராத்திரி 10 மணி, 12 மணி முறைகளை எடுத்துக்கொண்ட பிறகுதான் நான் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினேன். முதல் வாரம் டியூபைத் தொடவே பயந்தான். இரண்டாம் வாரம் எனக்கே திருத்தம் சொன்னான்.

எப்போது உடனே திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

மூச்சு வாங்கினால், எழுப்பியும் கண் திறக்காவிட்டால், புதிதாகக் கை கால் இழுத்தால், வலிப்பு வந்தால் 108தான், யோசிக்கவே வேண்டாம். குளிர்காய்ச்சல், குழாய் இருந்தும் நாலு மணி நேரமாகச் சிறுநீர் இறங்காமல் அடிவயிறு உப்புவது, புண்ணில் நாற்றமோ கறுப்போ தெரிவது, உணவுக் குழாய் வெளியே வந்துவிடுவது, இவற்றுக்கு அன்றைக்கே போய்விடுங்கள். சர்க்கரை நோயாளி திடீரென வியர்த்துக் குழறினால், நினைவோடு விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். சம்மரி, மருந்துச் சீட்டு, ஆதார், காப்பீட்டு அட்டை நான்கின் நகலையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு பீரோ சாவியைத் தேட வேண்டியிருக்காது.